தர்ம நாடகத்தில் ஆர்மோனியக்காரருக்குச் சம்பளம் கொடுப்பதா, வேண்டாமா?

வளவுப்பாட்டு, பள்ளத்தூர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குழுவுக்குள் ஒரு மனத்தாங்கல். இங்கே அனுபவப்பட்டவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

நாங்கள் பதினெட்டுப் பேர். மார்கழி பஜனையில் சேர்ந்து பாடியவர்கள். தை பிறந்ததும் கலைந்துபோக மனசு வரவில்லை, அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், கூடிப் பாடத் தொடங்கினோம். திருப்புகழ், காவடிச்சிந்து, பாரதி பாட்டு, ஆச்சிமார் சொல்லிக்கொடுத்த கும்மியும் தாலாட்டும். பிறகு நாடகமும் போட ஆரம்பித்தோம். இருவர் டீச்சர், ஒருவர் ஆத்தங்குடிக் கல் பட்டறை வைத்திருக்கிறார், நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். யாருக்கும் இது தொழில் இல்லை.

போன பங்குனியில் ‘வள்ளி திருமணம்’ போட்டோம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் ஆட்டோ செலவுக்காக. முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வாரம் இரண்டு தடவை போய்வர வேண்டுமே. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்றாலும், நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்தவர் எந்த பஸ்ஸில் நின்றுகொண்டு வருவார்? எங்கள் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒரு நடைக்கு ஆட்டோ 500 ரூபாய்.

கணக்கை அப்படியே தருகிறேன். டிக்கெட் 200 ரூபாய், 410 பேர் வாங்கினார்கள்: 82,000. பலகாரக் கடையில் வெள்ளைப் பணியாரமும் மசாலா சீயமும் விற்றது 21,500. மேடையில் வந்த அன்பளிப்பு 17,640. மொத்த வரவு 1,21,140. செலவு: மேடை, பந்தல், நாற்காலி 24,000, மைக்செட், லைட் 18,000, சீன் வாடகை 6,000, நோட்டீஸ் 3,500, சாப்பாடு 9,000, ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாள வாத்தியம் வாசிப்பவர்) மூவருக்கும் தலைக்கு 3,500 வீதம் 10,500. போக மிச்சம் 50,140.

நூறு நடை. ஒரே ஒரு ஆளுக்கு ஒரு வருடம் ஓட்டக்கூடப் பற்றவில்லை. எங்கள் பட்டியலில் நாலு பேர் இருந்தார்கள்.

இந்த வருடம் திரும்பப் போடுகிறோம். “நாம் பதினெட்டுப் பேரும் சும்மாதானே வருகிறோம், பக்கவாத்தியக்காரர்களும் தர்மத்துக்காக ஒரு ராத்திரி சும்மா வரட்டும்” என்கிறார்கள் பாதிப் பேர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. மேடையில் நடிப்பவர் சட்டையில் குண்டூசியால் குத்தும் அன்பளிப்பு நோட்டு யாருக்குச் சேரும் என்பதும் இன்னும் தீரவில்லை.

கோட்டையூரான்:

ஆச்சி, நல்ல காரியம் செய்கிறீர்கள். என் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். தர்மம் என்று நோட்டீஸ் அடித்த பிறகு உள்ளே யாருக்கும் சம்பளம் போகக்கூடாது. முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டில் பெரிய வேலை பார்ப்பவர் என்றும் சின்ன வேலை பார்ப்பவர் என்றும் பார்க்கிறோமா? எல்லோரும்தான் இலை போடுகிறோம். டிக்கெட் வாங்குகிறவர் தன் 200 ரூபாய் நோயாளிக்குப் போகிறது என்று நம்பித்தான் தருகிறார். அந்த 10,500 என்பது இருபத்தொரு நடை. இருபத்தொரு நாள் ஒரு மனுஷன் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பார்.

கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மனமிருந்தால் வருவார்கள்.

ஆர்மோனியம் மகள், புதுக்கோட்டை:

கோட்டையூர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் மீது வருத்தம் இல்லை. ஆனால் “கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை” என்ற வரியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

எங்கள் அப்பா நாற்பது வருடமாக ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறார். ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஒத்திகை கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரிபார்ட் ஓர் ஊர், கோமாளியான பபூன் ஓர் ஊர். அன்றைக்கு ராத்திரிதான் மேடைக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். யார் எந்தச் சுருதியில் எடுப்பார், எந்தப் பாட்டை எங்கே வெட்டுவார் என்பதையெல்லாம் பிடித்துக்கொண்டு, விடியும்வரை அந்த இரவைக் கட்டி இழுத்துப்போவது ஆர்மோனியப் பெட்டிக்காரர்தான். பபூன் எழுந்து போவார், டான்ஸ் ஆடுபவரும் ஆடி முடித்தால் போவார், நாரதரும் வள்ளியும் தர்க்கம் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பெட்டிக்காரர் எழுந்திருக்க முடியாது.

ஒரு கையால் துருத்தியை அசைத்துக்கொண்டே இருப்பதால் அப்பாவுக்கு இடது தோள் இறங்கிவிட்டது. பெட்டியின் துருத்தி மடிப்பில் காற்று ஒழுகும் இடங்களில் ஆட்டுத்தோல் ஒட்டுப் போட்டிருக்கிறார். பங்குனி, சித்திரையில் அந்த ஒட்டு காய்வதற்கு முன்னால் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். ஏனென்றால் அந்த மாதங்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாப்பிட வேண்டும். திருவிழா இல்லாத நாளில் எங்களுக்கு வேலை இல்லை. 2020இல் பங்குனியில் ஊரடங்கு வந்தது. அடுத்த வருடம் சித்திரையிலும் அப்படியே. இரண்டு சீசன் போனது. அம்மாவின் தோடு அப்போது போனது, இன்னும் திரும்பவில்லை.

இப்போது தர்ம நாடகத்துக்கு வருகிறேன். அழைப்பு பெரும்பாலும் பங்குனியில்தான் வரும். வெளியூரில் இருப்பவர்கள் திருவிழாவுக்கு வந்திருப்பார்கள், கூட்டம் சேரும். ஆனால் அந்த ராத்திரி சம்பளத்துக்கும் ஓர் அழைப்பு இருக்கும். சும்மா வருவது என்றால் அப்பா கொடுப்பது ஒரு ராத்திரியை மட்டும் அல்ல ஐயா, ஐப்பசியில் பத்து நாள் அரிசியை. நீங்கள் ஒருவர் மட்டும் கேட்பதில்லை. ஒரு சீசனில் நாலைந்து பேர் கேட்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த திருவிழாவுக்கு வேறு பெட்டிக்காரரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம். மனமிருந்தால் வருவார்கள் என்கிறீர்கள். மனமில்லாமலும் வருவார்கள், உங்களுக்குத் தெரியாது.

ஒரு வருடம் ஓர் ஊரில் நிவாரண நிதிக்கு வாசித்தார். ஊர் பெயர் வேண்டாம். பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். காலையில் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்தப் பொன்னாடைதான் இப்போது பெட்டிக்கு உறை.

ரஸ்தா பழசு, தேவகோட்டை ரஸ்தா:

மகளே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதத் தோன்றவில்லை.

நாம் ‘நாடகக்காரர்’ என்று ஒரே வார்த்தையில் இரண்டு வகைப் பேரைச் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதில் நடித்தவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். பகலில் வேறு வருமானம் உள்ளவர்கள் மாலையில் கலைக்காக மேடை ஏறினார்கள். வளவுப்பாட்டு ஆச்சியின் குழு அந்த வழியில் வருவது.

இன்னொன்று சங்கரதாஸ் சுவாமிகள் வழி. 1918இல் மதுரையில் பையன்களை வைத்துக் கம்பெனி நடத்தி, பாட்டும் வசனமும் தாமே சொல்லிக்கொடுத்தார். 1922இல் மறைந்தார். இன்றைக்கும் நம் பொட்டல்களில் நடக்கிற ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ எல்லாம் அவர் போட்ட பாதை. இதில் வந்தவர்களுக்கு மேடைதான் வயல். வேறு வருமானம் இல்லை.

ஆச்சி குழுவினர் கொடுப்பது அவர்களுடைய ஓய்வு நேரம். அதைத் தாராளமாகக் கொடுக்கலாம், அது அவர்களுடையது. பெட்டிக்காரரிடம் நாம் கேட்பது அவருடைய கூலியை. மைக்செட்காரர் 18,000 வாங்கினார், பந்தல்காரர் வாங்கினார், அவர்களிடம் “தர்மத்துக்குச் சும்மா போடு” என்று யாரும் கேட்கவில்லையே! வாசிக்கிறவரிடம் மட்டும் கேட்கிறோம். பாட்டு என்றால் காசு கேட்கக்கூடாத பொருள் என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது.

கோட்டையூரான்:

மகளே, நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ரஸ்தாக்காரர் சொன்ன மைக்செட் விஷயம் சுருக்கென்று பட்டது. சம்பளம் பற்றி நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் மேடை அன்பளிப்பில் என் கருத்து மாறவில்லை. சபையில் இருக்கிறவர் தர்ம நாடகம் என்று தெரிந்துதான் 101 ரூபாய் குத்துகிறார். அது தர்மத்துக்குத்தான்.

கணக்குப்பிள்ளை, காரைக்குடி:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆச்சி கணக்கைத் திறந்து வைத்ததற்கு முதலில் நன்றி. பல குழுக்கள் இந்த அளவுக்குச் சொல்வதில்லை.

நம் பழைய கடைகளில் லாபத்தில் இருந்து தர்மத்துக்கென்று மகமை எடுத்து வைப்பார்கள். அதற்குப் பேரேட்டில் தனிப் பக்கம். கடைச் செலவும் மகமையும் ஒரே பக்கத்தில் கலப்பதில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன். நாடகச் செலவுக்கு ஒரு பக்கம், அதற்கு வரவு நாலைந்து குடும்பங்கள் முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிற தொகை மட்டும். டிக்கெட், பலகாரம் எல்லாம் வேறு பக்கம், அதில் இருந்து ஒரு பைசா செலவுக்குப் போகக்கூடாது. அப்போது நோட்டீஸிலேயே “டிக்கெட் பணம் முழுவதும் ஆட்டோ செலவுக்கு” என்று அச்சடிக்கலாம், பொய்யாகாது. கலைஞர் சம்பளமும் யாரையும் உறுத்தாது.

உங்கள் செலவில் கைவைக்க வேண்டிய இடம் பக்கவாத்தியம் அல்ல. பந்தலும் மைக்கும் சேர்ந்து 42,000, செலவில் பாதிக்கு மேல். நம் பக்கத்தில் முகப்பும் கல்யாணக் கொட்டகையும் பூட்டிக் கிடக்கிற வீடு எத்தனை! ஒரு வீட்டுக்காரர் ஒரு ராத்திரிக்குத் திறந்துவிட்டால் பந்தல் வேண்டாம், நானூறு பேருக்கு மைக்கும் பாதி போதும். சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. பங்காளிகள் பத்துப் பேர், பத்து ஊர். இப்போதே தொடங்குங்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக: நாடகம், கச்சேரி டிக்கெட் தலைக்கு 500 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது, உங்கள் 200க்குப் பயமில்லை. டிக்கெட் வாங்கியதை நன்கொடை என்று சொல்லி வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்பார்கள், கொடுக்காதீர்கள். நாடகம் பார்த்ததற்கான விலை அது. தனியாக நன்கொடை தருகிறவருக்குத்தான் அந்தச் சலுகை, அதுவும் 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளைக்குத் தந்தால், ரொக்கமானால் 2,000 ரூபாய் வரைதான்.

கிள்ளான் பேரன், மலேசியா:

என் ஐயா வீடு கானாடுகாத்தானில். நான் பிறந்தது கிள்ளானில். பிள்ளையார் நோன்புக்கு இங்கே கூடும்போது மங்கலப் பொருள் ஏலம் விட்டு வருகிற பணத்தை நல்ல காரியத்துக்கு எடுத்து வைக்கிறோம். போன முறை ஓர் உப்புப் பொட்டலத்துக்குப் போட்டி போட்டு ஏறியதைப் பார்த்துக் குழந்தைகள் கை தட்டினார்கள். அதில் ஒரு பகுதியை ஆச்சி குழுவுக்கு அனுப்பலாமா? ஒரு நோயாளியின் முழு வருடத்தை நாங்கள் ஏற்றுக்கொள்ள ஆசை.

கணக்குப்பிள்ளை:

தம்பி, மனசு பெரிது. ஆனால் அனுப்பாதீர்கள், ஆச்சியும் வாங்க வேண்டாம். 2010ஆம் வருட வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, அந்தப் பதிவு இல்லாத குழு வெளிநாட்டுக் குடிமகனிடம் நன்கொடை வாங்கக்கூடாது. ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அதே கணக்குத்தான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே சம்பாதித்த தன் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் இந்தத் தடை இல்லை. உங்களிடம் இருப்பது மலேசியப் பாஸ்போர்ட் என்றால், பதிவு உள்ள அறக்கட்டளை ஒன்றின் டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்ப முடியும். சிறுநீரக நோயாளிகளுக்கு உதவுகிற பதிவு பெற்ற அமைப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கிள்ளான் பேரன்:

சரி அண்ணே, புரிந்தது. பங்குனிக்கு வருகிறேன். டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கத் தடை இல்லையே?

நாலரைக் கட்டை:

நான் பாட்டு டீச்சர். இரண்டு விஷயம்.

ஆச்சி, பாட்டுத் தேர்வில் கவனமாக இருங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தொழில்முறை அல்லாத குழு காசு வாங்காமல் நடத்தும் நிகழ்ச்சிக்கும், மத நிறுவனத்தின் நன்மைக்காக நடத்தும் நிகழ்ச்சிக்கும் விலக்குத் தருகிறது. கோயில் திருப்பணிக்குப் பாடினால் உங்களுக்குச் சிக்கல் வராது. டயாலிசிஸ் ஆட்டோவுக்கு டிக்கெட் போட்டுப் பாடினால் அந்த விலக்கு கிடைக்காது. ஆசிரியர் மறைந்து 60 வருடம் ஆன பாட்டுகளை எடுத்தால் கவலையே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள், அண்ணாமலை ரெட்டியார், அருணகிரிநாதர் எல்லோரும் பொதுச்சொத்து. பாரதி பாடல்களை 1949இலேயே அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆனால் பாரதி வரிக்குப் பிற்காலத்தில் ஒருவர் போட்ட சினிமா மெட்டு அவருடையது. மெட்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர், அதனால் 2033 முடியும்வரை உரிமை உண்டு.

இரண்டாவது விஷயம், சுருதி. அதன் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வோம். பயிற்சி இல்லாத ஆச்சிமாரும் ஆண்களும் சேர்ந்து பாடும்போது ஐந்தரைக் கட்டையில் வைத்துவிட்டு, சரணத்தில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பதைப் பல மேடையில் பார்த்திருக்கிறேன். நாலரைக்கு மேல் போகாதீர்கள். கும்மிக்கு இன்னும் இறக்கலாம், கைத்தட்டு தாங்கிக்கொள்ளும். நம் கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது தமிழில் பாட்டுக் கேட்க வேண்டும் என்றுதான். சொல் விளங்கப் பாடுகிற குழுவுக்கு அதில் உரிமை உண்டு. அடிக்குரலில் பாடினால் சொல் விளங்கும்.

ரஸ்தா பழசு:

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் வருட ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்ற நாட்களுக்கு அரசு வருடத்தில் 15 நாள்வரை 12 மணிவரை தளர்த்தலாம். விடிய விடிய நாடகம் பார்த்து வளர்ந்த எனக்கு இதை எழுதவே மனம் வரவில்லை. ஆனாலும் நீங்கள் மாலை ஆறரைக்குத் தொடங்குங்கள். காரைக்குடிக் கம்பன் விழாவை 1939 முதல் சா. கணேசன் எப்படி நடத்தினார்? குறித்த நிமிஷத்தில் தொடங்கும், யாருக்காகவும் காத்திருக்காது. ஊர் பழகிக்கொண்டதே! போலீஸ் ஸ்டேஷன் அனுமதியை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஆர்மோனியம் மகள்:

அன்பளிப்பு பற்றிக் கோட்டையூர் ஐயா சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சொன்னது இது: வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டி ஆலோலம் பாடும்போது ஒரு கிழவர் எழுந்து வந்து பத்து ரூபாய் குத்தினால், அது அந்தக் குரலுக்கு. எதற்காக நடக்கும் நாடகமானாலும் அந்த நோட்டு பாடினவருடையது. பபூன் தர்மத்துக்கென்று கேட்டு வாங்கினால் அது வேறு.

ஆனால் ஆச்சி குழுவில் நடிப்பவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். அவர்களே தங்கள் நோட்டைத் தர்மத்துக்குப் போடலாம். பெட்டி மேல் வைக்கிற நோட்டு மட்டும் பக்கவாத்தியக்காரர்களுக்கு. தொடங்கும்போதே பபூன் மைக்கில் இதைச் சொல்லிவிட்டால் கொடுக்கிறவருக்கு எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

கோட்டையூரான்:

மைக்கில் சொல்லிவிட்டுச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் பெட்டி மேலும் வைப்பேன், உண்டியலிலும் போடுவேன்.

வளவுப்பாட்டு:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்றுச் செவ்வாய் எல்லாவற்றையும் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். ஆட்டுத்தோல் ஒட்டு வந்த இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. சும்மா வரட்டும் என்று சொன்னவர்களில் ஒருவர்தான் முதலில் பேசினார்: “தலைக்கு 4,000 கொடுங்கள், பஸ் காசு தனி.” அதையே முடிவாக வைத்துக்கொண்டோம்.

போன வருடம் ராத்திரி பணம் எண்ணியது எனக்கு நினைவு வந்தது. எவர்சில்வர் அண்டாவைப் பட்டாலையில் கவிழ்த்தோம். ஒவ்வொரு நோட்டிலும் குண்டூசி ஓட்டை. சிலதில் அரிதாரம் ஒட்டி இருந்தது. 17,640 ரூபாயையும் நிமிர்த்தி அடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அப்போது ஆர்மோனியக்காரர் திண்ணையில் பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் அதில் பங்கு இருக்குமோ என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த வருடம்: செலவை ஐந்து குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. வளவும் கொட்டகையும் உள்ள ஒரு வீட்டின் சாவி கோயம்புத்தூரில் இருக்கிறதாம், பேசிவிட்டோம். பங்காளிகளில் ஏழு பேர் சரி என்றார்கள், மூவர் பாக்கி. தொடங்குவது ஆறரை. கணக்கை அன்றைக்கே மங்களம் பாடுவதற்கு முன்னால் மேடையில் படிப்போம், மறுநாள் இங்கேயும் போடுவேன். பழைய பாட்டுப் புத்தகத்துக்காக என் மகள் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போகிறாள். அந்தச் சேகரிப்பு கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்தது என்பதில் கோட்டையூரான் அண்ணனுக்குச் சந்தோஷம் இருக்கும்.

ஆர்மோனியம் மகளே, உன் அப்பா எங்களுக்கு வாசிப்பாரா? பங்குனியில் அவருக்கு நாள் காலியாக இருக்கிற ராத்திரியை அவரே சொல்லட்டும், நாங்கள் அதற்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்கிறோம். வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கே வந்து அட்வான்ஸ் தருகிறோம். எங்கள் வள்ளிக்கு அறுபத்திரண்டு வயது. நாலரைக் கட்டை வருமா என்று அவளுக்குச் சந்தேகம். கேட்டுச் சொல்.

ஆர்மோனியம் மகள்:

கேட்டேன் ஆச்சி. காலண்டரைப் பார்த்து மூன்று தேதி குறித்துக் கொடுத்தார், தனியாக அனுப்புகிறேன். நாலரை வேண்டாம், நாலில் எடுக்கட்டும், ஆலோலத்துக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். ஒத்திகைக்கு ஒரு செவ்வாய் வருகிறாராம். ஒத்திகை பார்த்து வாசித்து நாற்பது வருடமாகிறது என்றார்.